மழைக்கு முன்னும் வெறித்த பின்னும்

நில அளவை என் தொழில். 22 வருடமாக என் பகல்கள் வெட்டவெளியில்தான் போகின்றன. சமவெளி, மலைச்சாலை, கடற்கரை என்று வேலை எங்கே இழுத்துப் போகிறதோ அங்கே போவேன். தலைக்கு மேல் கூரை இல்லாத வேலை என்பதால் வெயில், இடி, வெள்ளம், காற்று, குளிர் எல்லாவற்றிடமும் ஒரு தடவையாவது மாட்டியிருக்கிறேன். அந்தத் தடவைகளை வரிசையாக நினைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. மழை கொட்டும்போது நான் மாட்டியதே இல்லை. கொட்டும்போது யார் வெளியே நிற்கிறார்கள்? மாட்டியதெல்லாம் மழை வருவதற்கு முன்பு, இல்லாவிட்டால் வெறித்த பிறகு. வெயிலும் புயலும்கூட அப்படித்தான் செய்தன. "இன்னும் வரலையே" என்றும் "சரி, முடிஞ்சுது" என்றும் மனசு சொல்கிற அந்த இரண்டு நேரங்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இடி. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம். கட்டாந்தரையாகக் கிடந்த ஒரு பெரிய வெளியை அளந்துகொண்டிருந்தோம். தலைக்கு மேல் நல்ல வெயில். மேற்கே தொலைவில் மட்டும் கறுத்திருந்தது. இன்னும் இரண்டு புள்ளிகள் எடுத்தால் அந்தப் பக்கம் முடிந்துவிடும். அளவைக் கருவிக்குப் பின்னால் நான். முந்நூறு மீட்டர் தள்ளி, உலோகக் கம்பத்தின் உச்சியில், கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசக் கண்ணாடியைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு எங்கள் மூத்த உதவியாளர். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எங்கோ பீப்பாய் உருளுவது போல ஓர் இடி கேட்டது. "சார், போதும். வண்டிக்குப் போயிடலாம்" என்று வாக்கிடாக்கியில் சொன்னார். "ரெண்டே புள்ளிண்ணே. மேல பாருங்க, வெயில் அடிக்குது" என்றேன்.

அவர் மறுபேச்சு பேசாமல் அடுத்த புள்ளிக்குப் போய்க் கம்பத்தை நிறுத்தினார். நான் லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கம்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினார். அப்புறம் ஓட ஆரம்பித்தார். கருவியை அப்படியே விட்டுவிட்டு நானும் ஓடினேன். வண்டிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. கம்பத்துக்குள் வண்டு அடைபட்டது போல ஒரு ரீங்காரம் கேட்டதாம். கை ரோமம் எல்லாம் எழுந்து நின்றதாம். சொல்லி முடிப்பதற்குள் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. வெளியின் ஓரத்தில் நின்ற ஒற்றை மரத்தில் உச்சியிலிருந்து வேர் வரை பட்டை உரிந்து, வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. எங்கள் மேல் அதுவரை ஒரு சொட்டு மழை விழவில்லை.

அந்த ரீங்காரம் என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன். மேலே மேகத்தில் மின்னேற்றம் சேரும்போது தரையில் எதிர் மின்னேற்றம் திரள்கிறது. உயரமாகவும் கூராகவும் இருக்கும் பொருள்களின் நுனி வழியாக அது கசிகிறது. முடி சிலிர்ப்பதும் இதனால்தான். அந்த அறிகுறி வந்துவிட்டால் கையில் இருப்பது சில வினாடிதான், எல்லாச் சமயமும் அறிகுறி வருவதும் இல்லை. மின்னல் மேகத்துக்கு நேர் கீழேதான் இறங்கும் என்று நான் நம்பியிருந்தேன். அது தப்பு. பக்கவாட்டில் 10, 15 கிலோமீட்டர் ஓடி, வெயில் அடிக்கிற இடத்திலும் இறங்கும். இடிச்சத்தம் காதுக்கு எட்டுகிற தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே இடி கேட்டாலே மின்னலின் வீச்சுக்குள் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தைக் கணக்குப் போட விரும்பினால் வழி இருக்கிறது. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்போது வந்த வினாடிகளை 3ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 வினாடிக்குள் கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள். உடனே கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையும் கதவும் உள்ள வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். வண்டியில் நம்மைக் காப்பது டயர் ரப்பர் இல்லை, சுற்றியிருக்கும் உலோகக் கூடு. மின்சாரம் அதன் வெளிப்புறமாகவே ஓடித் தரைக்குப் போய்விடும். அதனால் இருசக்கர வாகனமும் துணிக்கூரை போட்ட ஜீப்பும் கணக்கில் வராது. பக்கம் திறந்த கொட்டகையும் வராது. மரத்தடி எல்லாவற்றையும்விட மோசம். மரத்தில் இறங்குகிற மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். தரையில் பரவுவதால்தான் படுக்கவும் கூடாது என்கிறார்கள். ஒளிய எதுவுமே இல்லாத வெளியில் அகப்பட்டால், ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி, இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக் குந்தலாம். அது கடைசி வழி, பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் இருந்தாலும் குழாயடி, குளியல், சார்ஜரில் செருகிய போன் இவற்றை விட்டு விலகி இருங்கள்.

கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. இதுதான் கடினம். மழை நின்றிருக்கும், வானம் வெளுத்திருக்கும், பத்து நிமிடத்திலேயே கால் பரபரக்கும். ஒருமுறை விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்பதும் உண்மை இல்லை. அமெரிக்காவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் வனக்காவலராக இருந்த ராய் சல்லிவன் என்பவரை 1942க்கும் 1977க்கும் இடையில் ஏழு தடவை மின்னல் தாக்கியது. அவரும் என்னைப் போல வெளியில் வேலை பார்த்தவர்தான்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மின்னல் பட்டவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று பயந்து எட்டி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் அசைவும் இல்லையென்றால் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பல பேர் அடிபட்டுக் கிடந்தால் அலறுகிறவரிடம் முதலில் ஓடாதீர்கள். அவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம் போங்கள்.

வெயில் விஷயத்தில் பட்டது நானில்லை, எங்கள் குழுவில் இருந்த ஒரு பையன். மூன்று வாரம் விடுப்பில் போய்விட்டு வந்த இரண்டாவது நாள். மணி நாலரை, வெயில் சாய்ந்துவிட்டது. உச்சி வெயிலைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தோம். நான் அளவைச் சொல்லச் சொல்ல அவன் புத்தகத்தில் எழுத வேண்டும். பக்கத்தை வாங்கிப் பார்த்தால் 1.265 என்ற அதே எண் மூன்று வரிகளில் இருக்கிறது. மூன்றாவது வரியில் எழுத்து கோட்டை விட்டு இறங்கிச் சரிந்திருந்தது. "தம்பி, கவனம் எங்க இருக்கு?" என்று சத்தம் போட்டேன். சம்பந்தமே இல்லாமல் என்னவோ சொல்லிச் சிரித்தான். சட்டை முழுக்க வியர்வை. வியர்க்கிறதே, அப்புறம் என்ன என்று நினைத்தேன். அவன் நடந்து போன விதத்தைப் பார்த்து அண்ணன்தான் ஓடிப் பிடித்தார்.

வண்டி நிழலில் கிடத்திச் சட்டையைக் கழற்றினோம். 20 லிட்டர் கேனில் இருந்த தண்ணீரைத் தலை, கழுத்து, மார்பு என்று ஊற்றிக்கொண்டே இருந்தார் அண்ணன். நான் வரைபடத் தாளால் விசிறினேன். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும் வரை நிறுத்தவில்லை. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து எழுந்து வந்தான். அங்கேயே உடனே குளிரவைத்ததுதான் காப்பாற்றியது என்று மருத்துவர் சொன்னார்.

வெப்பத் தாக்கு என்றால் வியர்வை நின்று தோல் வறண்டுவிடும் என்று படித்திருந்தேன். உழைக்கும்போது வருகிற தாக்கில் வியர்வை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். கவனிக்க வேண்டியது புத்தி. உளறல், எரிச்சல், தள்ளாட்டம், கேட்டதற்குப் பொருந்தாத பதில் இவையெல்லாம் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது முதல் வேலை குளிரவைப்பது, வண்டி ஏற்றுவது அதற்குப் பிறகு. கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டி வைத்தாலும் நல்லது. தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரையும் உதவாது. காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவைக் கூட்டி வைக்கிறது, மாத்திரை அதை இறக்குகிறது. இங்கே வெப்பம் வெளியிலிருந்தும் உழைப்பிலிருந்தும் ஏறியது.

அவனுக்கு ஏன் வந்தது, எங்களுக்கு ஏன் வரவில்லை? உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். சில வாரம் விலகி இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். இப்போது எங்கள் குழுவில் புதிதாக வருபவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான், பிறகு தினமும் இன்னொரு பங்கு கூட்டுவோம். விடுப்பு முடிந்து வருபவருக்குப் பாதியில் தொடங்குவோம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது, இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும்.

வெயில் இறங்கிய பிறகும் வெப்பம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலர் வீட்டுக்குள் தனியாக இருந்தவர்கள். இரவிலும் வீடு ஆறவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். இதைப் படித்ததிலிருந்து, மேல்மாடியில் தனியாக இருக்கும் என் அம்மாவை மத்தியானம் மட்டுமின்றி இரவு பத்து மணிக்கும் கூப்பிடுகிறேன். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை அப்போதுதான் சூட்டை உள்ளே விட ஆரம்பிக்கும். அறை 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் மின்விசிறி மட்டும் போதாது, அது சூடான காற்றைத்தான் மேலே வீசும். உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். பேசும்போது அம்மாவின் வார்த்தைகள் கோவையாக வருகின்றனவா என்றும் கவனிக்கிறேன்.

வெள்ளத்துக்கு வருகிறேன். விடிய விடிய மழை, காலையில் நின்றுவிட்டது. ஒரு சிறுபாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "வடிஞ்சிருச்சு சார், முழங்கால் கூட இருக்காது, ஓட்டிடலாம்" என்றார் ஓட்டுநர். என் கையில் அளவுக்கோல் இருந்தது. இறங்கி ஓரத்தில் வைத்தேன், 20 சென்டிமீட்டர். இரண்டடி தள்ளி வைத்தேன், 45. இன்னும் கொஞ்சம் கையை நீட்டி வைத்தேன். கோல் போய்க்கொண்டே இருந்தது, அடி தட்டவில்லை. மேலே செம்மண் நிறத்தில் சமமாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்கு அடியில் சாலையே இல்லை. மழை பெய்த இரவில் அல்ல, விட்ட பிறகு எங்கோ மேட்டிலிருந்து இறங்கி வந்த தண்ணீர் அதை அரித்துப் போயிருந்தது.

நான் இறங்கி அளந்ததும் தப்புதான், அதைப் பார்த்து யாரும் செய்யாதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கும், 60இல் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். ஒவ்வொரு 30 சென்டிமீட்டருக்கும் தண்ணீர் ஒரு காரின் எடையில் ஏறக்குறைய 700 கிலோவைத் தாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. அதாவது டயர் தரையில் பதிய எடையே மிஞ்சாது. கண்ணால் பார்த்து ஆழம் சொல்ல முடியாது, அடியில் தரை இருக்கிறதா என்றும் சொல்ல முடியாது. திரும்பிப் போவதுதான் வழி. அன்று 60 கிலோமீட்டர் சுற்றிப் போனோம், ஓட்டுநர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டால் உடனே சீட் பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து வெளியேற வேண்டும். வெளியே தண்ணீர் அழுத்துவதால் கதவு திறக்காது, நேரம் போகப் போக மின்சார ஜன்னலும் வேலை செய்யாமல் போகலாம்.

கடற்கரை வேலையில் இருந்தபோது ஒரு புயல் எங்கள் மேலேயே கரை கடந்தது. நள்ளிரவில் காற்று நின்றது. வெளியே எட்டிப் பார்த்தால் மேகத்துக்கு நடுவில் நட்சத்திரம் தெரிகிறது. "கடந்துருச்சு" என்று ஆட்கள் டார்ச்சோடு வெளியே வந்தார்கள். ஒருவர் ஏணி போட்டுக் கூரைத் தகரத்தைச் சரி செய்ய ஏறிவிட்டார். புயலின் நடுவில் அமைதியான கண் ஒன்று உண்டு, அதன் அகலம் பெரும்பாலும் 30 முதல் 65 கிலோமீட்டர், அதைத் தாண்டியதும் காற்று எதிர்த் திசையிலிருந்து முழு வேகத்தில் வரும். இது எனக்குத் தெரிந்திருந்ததால் கெஞ்சிக் கூத்தாடி அவரை இறக்கினோம். அரை மணி ஆகவில்லை, அவர் தட்டிக்கொண்டிருந்த தகரம் எதிர்ப்பக்கமாகப் பறந்து சுவரில் மோதுவதை உள்ளிருந்து கேட்டோம்.

புயலில் காற்றைவிடக் கடல் நீர்தான் பெரிய கொலையாளி. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஊருக்குள் எழும்பி வந்த கடலால். தாழ்வான கரையில் இருப்பவர்களை வெளியேறச் சொன்னால், வானம் தெளிவாக இருக்கும்போதே வெளியேறிவிட வேண்டும். தங்குகிற இடத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறை நல்லது. கண்ணாடியில் டேப் ஒட்டுவது உடையாமல் தடுக்காது, பெரிய சில்லுகளாக விழவைக்கும், அவ்வளவுதான். புயல் போன மறுநாளும் நிம்மதியாக நடக்க முடியாது. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யாரும் முடிவு செய்யக்கூடாது, 10 மீட்டர் தள்ளியே போங்கள். பக்கத்தில் வந்துவிட்டால் காலைத் தூக்காமல் தரையில் தேய்த்தபடி சிறு அடியாகப் பின்வாங்குங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஜன்னலை விட்டு 6 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், என் அனுபவம் ஒன்றுதான். மலைச்சாலையில் தூறல் நின்று காற்று கிளம்பியது. 11 டிகிரி, உறைபனி எல்லாம் கிடையாது. நனைந்த பருத்திச் சட்டையோடு வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கருவியின் மட்டத் திருகைத் திருப்ப விரல் மடங்கவில்லை, எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன், சொற்கள் குழறின. அண்ணன்தான் என்னை வண்டிக்குள் தள்ளிச் சட்டையை மாற்றினார். குளிரில் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்குவது இப்படித்தான், பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. ஈரத்துணியைக் கழற்றி, முதலில் மார்பையும் வயிற்றையும் சூடாக்க வேண்டும். தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாக எதையாவது குடிக்கக் கொடுக்கலாம். மது கூடாது, அது தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உள்வெப்பத்தை இழக்கவைக்கும். நடுக்கம் திடீரென்று நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிப் படுப்பதும் ஜெனரேட்டர் கதைதான்.

மூடுபனி பெரும்பாலும் மழைக்கு மறுநாள், தெளிந்த, காற்றில்லாத இரவுக்குப் பிறகு வரும். முகப்பு விளக்கைத் தாழ்த்தித்தான் வைக்க வேண்டும், தூக்கினால் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். சாலையில் நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் சாலையை விட்டு முழுக்க இறங்கி நிறுத்துங்கள்.

போன மாதம் ஒரு வேலையில் மறுபடி இரண்டு புள்ளிகள் பாக்கி இருந்தன. இடி கேட்டது, ஏறி உட்கார்ந்தோம். 1.265 எழுதிய அந்தத் தம்பிதான் இப்போது கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறவன். 22ஆவது நிமிடத்தில் மழை விட்டு வெயில் வந்துவிட்டது. நான் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். தொலைவில் ஒன்று உருண்டது. "முதல்லேர்ந்து சார்" என்றான். இருட்டும் வரை இரண்டு தடவை முதலிலிருந்து எண்ணிவிட்டு, கருவியைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலையில் அந்த இரண்டு புள்ளிகளையும் எடுக்க 11 நிமிடம் ஆனது.